குளிப்பாட்ட மறுத்த கையை எந்த ஆய்வாளர் எழுதுவார்?

என் சித்தி சென்னையில் 11 வருடம் ‘பேஷண்ட் கேர்’ வேலை பார்த்தவர். ஏஜென்சி போன் செய்து விலாசம் சொல்லும். காலை 8 மணிக்குப் போனால் இரவு 8 மணிக்குத்தான் திரும்புவார். கடைசியாகப் பார்த்த வீட்டில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டி. தூக்கி உட்கார வைப்பது, டயப்பர் மாற்றுவது, வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் சித்திதான். அந்தக் கை இல்லாமல் பாட்டிக்கு ஒரு பொழுது போகாது.

ஆனால் அந்தக் கை அடுப்படிக்குள் போகக்கூடாது. “தண்ணி வேணும்னா கேளுங்க, நாங்களே ஊத்தித் தர்றோம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். துணி துவைக்கும் இடத்து ஜன்னலில் சித்திக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர். அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியதும் அவரே. கழிப்பறை வேண்டுமென்றால் லிஃப்டில் கீழே இறங்கி வாட்ச்மேன் கழிப்பறைக்குப் போக வேண்டும். மலம் அள்ள அந்தக் கை வேண்டும், தண்ணீர் மொள்ள அந்தக் கை வேண்டாம். டீக்கடை இரட்டைக் குவளை பற்றி நாம் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஆறாவது மாடியில் இருக்கும் இந்தக் குவளையைப் பற்றி எழுத யார் உள்ளே போனார்கள்?

ஏஜென்சிக்காரர் மாதம் ஒரு முறை போன் செய்வார், சித்திக்கு அல்ல, அந்த வீட்டுக்கு. “எல்லாம் திருப்தியா சார்?” என்று கேட்பார். “திருப்தி” என்பார்கள். அவ்வளவுதான் தர ஆய்வு. சித்தி ஒரு தடவை டம்ளர் விஷயத்தைச் சொன்னபோது, “வீட்டுக்கு வீடு அப்படித்தாம்மா இருக்கும். வேற டியூட்டி கேட்டா கொஞ்ச நாள் சும்மா இருக்க வேண்டியதுதான்” என்று பதில் வந்தது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சித்தி அந்த ஏஜென்சியில் பெயர் பதிந்த அன்று ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்ட முதல் கேள்வி: “நீங்க என்ன ஆளுங்க?”

சித்தியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் நம் தோழர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். “இங்கே ஒழுங்கான ஆய்வு முறை இல்லை. வெளிநாட்டைப் போல முறையாக இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.” வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களை வரிசையாக ஆய்வு செய்து, மதிப்பீடு போட்டு, ஊரறிய வெளியிடும் தனி ஆணையம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் அது வந்தால் மட்டும் போதுமா? அப்படி ஒரு ஆணையம் பல வருடங்களாக இயங்கும் நாட்டில் சாதிக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

தொட்டால் பதிவு செய்

இங்கிலாந்தில் அந்த ஆணையத்தின் பெயர் கேர் குவாலிட்டி கமிஷன், சுருக்கமாக சி.க்யூ.சி. 2008-ஆம் ஆண்டு சட்டத்தின்படி 2009 ஏப்ரலில் வேலையைத் தொடங்கியது. (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள் உண்டு.) மருத்துவமனை, முதியோர் இல்லம் மட்டுமல்ல, வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களும் இதனிடம் பதிவு செய்தாக வேண்டும்.

எந்த நிறுவனம் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் எல்லைக்கோட்டைக் கவனியுங்கள். வீடு பெருக்க, கடைக்குப் போய் வர ஆள் அனுப்பினால் பதிவு தேவையில்லை. குளிப்பாட்ட, உடை மாற்ற, ஊட்டிவிட, கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் அனுப்பினால் பதிவு கட்டாயம். ‘தனிநபர் பராமரிப்பு’ என்று அதற்குப் பெயர். சுருக்கமாகச் சொன்னால், ஒரு மனித உடம்பை இன்னொரு கை தொடும் இடத்தில்தான் அரசின் ஆய்வு தொடங்குகிறது.

தீண்டாமையை அனுபவித்த நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! யார் யாரைத் தொடலாம், எங்கே தொடலாம், தொட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் சாதியின் சட்டம். அதே தொடுதலை ஒரு நவீன அரசு தன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்திருக்கிறது. அப்படியென்றால் அந்த ஆய்வுப் படிவத்தில் சாதி முதல் வரியில் இருக்க வேண்டுமே. இருக்கிறதா?

முதலில் ஆய்வு எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஆய்வாளர் ஐந்து கேள்விகளோடு வருகிறார். பாதுகாப்பாக இருக்கிறதா, பயன் தருகிறதா, பரிவோடு நடக்கிறதா, தேவைக்கேற்ப நடந்துகொள்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா. வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களின் அலுவலகம் சிறியது, மேலாளரே வெளியே போயிருக்கலாம் என்பதால், பல ஆண்டுகளாக 48 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொல்லிவிட்டுப் போவதே வழக்கமாக இருந்தது. பராமரிப்புத் திட்டக் கோப்பு, மருந்து கொடுத்த பதிவேடு, வேலைக்கு எடுத்தபோது செய்த குற்றப் பின்னணி விசாரணை, பயிற்சிச் சான்று, யார் எத்தனை மணிக்குப் போனார் என்ற அட்டவணை எல்லாவற்றையும் பார்க்கிறார். பராமரிப்பு பெறுபவர்களோடும் குடும்பத்தாரோடும் பணியாளர்களோடும் பேசுகிறார். சம்மதம் இருந்தால் சில வீடுகளுக்கும் போவார். கடைசியில் நான்கில் ஒரு மதிப்பீடு: மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. அதை நிறுவனம் தன் அலுவலகத்திலும் இணையதளத்திலும் கட்டாயம் காட்ட வேண்டும்.

இந்த முறையை நான் கேலி செய்யவில்லை. மருந்து மாறிக் கொடுப்பது, வராமலே வந்ததாகக் கணக்கு எழுதுவது, குற்றப் பின்னணி உள்ளவரை வேலைக்கு வைப்பது போன்றவற்றை இது பிடித்திருக்கிறது. நம் ஊரில் இதில் பாதிகூட இல்லை.

ஆனால் பாருங்கள், இந்த ஆய்வு பெரும்பாலும் காகிதத்தின் வழியாகத்தான் வீட்டுக்குள் போகிறது. குளியலறைக் கதவு மூடிய பிறகு நடப்பதை ஆய்வாளர் பார்ப்பதில்லை. அதைப் பற்றி எழுதப்பட்டதைத்தான் பார்க்கிறார். எழுதுகிறவர் யார்? தொட வேண்டிய அதே கை.

பதிவேட்டில் ஏறாத சம்பவம்

பிரிட்டனில் சாதி பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட ஒரு சம்பவம் உண்டு. வீட்டுப் பராமரிப்பு பெற்ற ஒரு முதிய பெண் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். பராமரிக்க வந்தவர் ஆதிக்க சாதி. இவருடைய சாதி தெரிய வந்ததும் குளிப்பாட்ட மறுத்துவிட்டார். கடல் கடந்து வந்து, அந்த நாட்டில் உழைத்து வரி கட்டி, மூப்படைந்து, அரசு ஏற்பாடு செய்யும் ஒரு குளியலுக்குக் காத்திருக்கும்போதும் சாதி வந்து கதவில் நிற்கிறது.

அன்று அந்த வீட்டுப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்க முடியும் என்று யோசியுங்கள். “இவர் சாதி எனக்கு ஆகாது, குளிப்பாட்டவில்லை” என்று எவராவது எழுதுவாரா? “குளிக்க விருப்பமில்லை என்றார்” என்று ஒரு வரி போதும். ஆய்வாளரின் கண்ணுக்கு அது பராமரிப்பு பெறுபவரின் விருப்பத்தை மதித்த நல்ல பதிவு. தீண்டாமை, பரிவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மொழியும் உணவும் தெரிந்த அதே சமூகத்து ஆளை அனுப்புவது நல்ல பராமரிப்பு என்றே கருதப்படுகிறது. அது தேவைதான். தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவுக்குத் தமிழ் தெரிந்தவர் வேண்டும். ஆனால் ‘நம் சமூகத்து ஆள்’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு அடைக்க முடியும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. “நம்ம ஆளா அனுப்புங்க” என்று ஒரு குடும்பம் கேட்டால், அது மொழியா சாதியா என்று பிரித்துப் பார்க்கும் கேள்வி அந்த ஐந்தில் எதில் இருக்கிறது?

பட்டியலில் இல்லாத சொல்

இது ஆய்வாளரின் கவனக்குறைவு மட்டும் என்றால் ஒரு பயிற்சி வகுப்போடு தீர்த்துவிடலாம். சிக்கல் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆய்வுக்கு அடிப்படையான 2014-ஆம் ஆண்டு விதிகளில் 10-ஆவது விதி கண்ணியம், மரியாதை பற்றியது. 13-ஆவது விதி துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்பு பற்றியது. இரண்டுமே பாகுபாட்டைப் பற்றிப் பேசும்போது 2010 சமத்துவச் சட்டத்தில் உள்ள ‘பாதுகாக்கப்பட்ட பண்புகள்’ பட்டியலைச் சுட்டுகின்றன. அந்தப் பட்டியலில் இருப்பவை ஒன்பது: வயது, ஊனம், பாலின மாற்றம், திருமணம், கர்ப்பம், இனம், மதம், பால், பாலீர்ப்பு. சாதி என்ற சொல் இல்லை. ஆய்வாளர் எந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறாரோ, அந்தப் பட்டியலில் நாம் இல்லை.

அதைச் சேர்க்கப் போராட்டம் நடக்காமல் இல்லை. பிரிட்டன் அரசே கேட்டு வாங்கிய 2010 டிசம்பர் ஆய்வறிக்கை, வேலை, சேவைகள், கல்வி ஆகியவற்றில் சாதிப் பாகுபாடு இருப்பதற்கான சான்றுகளை முன்வைத்தது. 2013-இல் பிரபுக்கள் சபையில் ஆக்ஸ்போர்டின் முன்னாள் பிஷப் ஹாரிஸ் பிரபு முன்னின்று வாதாடினார். தலித் அமைப்புகள் வெளியே நின்று முழங்கின. அந்த ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் 97-ஆவது பிரிவு, இனம் என்பதன் ஒரு கூறாகச் சாதியைச் சேர்க்க வேண்டும் என்று அரசைக் கட்டாயப்படுத்தியது. நாடாளுமன்றமே சொல்லிவிட்டது, முடிந்தது என்று நம்மவர்கள் நினைத்தார்கள்.

முடியவில்லை. அரசு இழுத்தடித்தது. 2017-இல் பொதுமக்கள் கருத்து கேட்கிறோம் என்றது. 16,000-க்கு மேல் பதில்கள் வந்தன. சாதி என்ற சொல்லைச் சட்டத்தில் சேர்ப்பதே இந்துக்களை அவமதிப்பது என்று பல இந்து அமைப்புகள் அணிவகுத்தன. 2018 ஜூலையில் அரசு கைகழுவியது. தனிச்சட்டம் வேண்டாம், நீதிமன்றத் தீர்ப்பு போதும் என்றது.

எந்தத் தீர்ப்பு? பெர்மிலா டிர்கி வழக்கு. பீகாரிலிருந்து அழைத்துப் போகப்பட்ட ஆதிவாசிப் பெண். இங்கிலாந்தில் ஒரு வீட்டில் நாலரை ஆண்டு, ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வேலை. தரையில் மெத்தை. கிடைத்த கூலி மணிக்குச் சுமார் 11 பென்ஸ். 2014-இல் வேலை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், சாதி ‘இனவழித் தோற்றம்’ என்பதற்குள் அடங்க இடமுண்டு என்றது. 2015-இல் அவருக்கு 1,83,774 பவுண்டு சம்பளப் பாக்கி தர உத்தரவானது. போற்ற வேண்டிய வெற்றிதான்.

ஆனால் படுக்கையில் கிடக்கும் 80 வயது மூதாட்டி, தன்னைக் குளிப்பாட்டாத கைக்கு எதிராக வழக்குப் போட்டு, தன் சாதி இனவழித் தோற்றத்தில் அடங்கும் என்று நிரூபித்து, தீர்ப்பு வரும் வரை குளிக்காமல் இருக்க வேண்டுமா? ஆய்வு என்ற ஏற்பாடே எதற்காக வந்தது? வழக்குப் போட முடியாதவர்களுக்காகத்தான். வழக்கு போதும் என்று சொல்லிவிட்டு ஆய்வுப் பட்டியலில் இடம் மறுப்பது, ஊமையைப் பார்த்து “வாய் திறந்து கேள்” என்று சொல்வதற்குச் சமம்.

பணியாளர் பக்கமும் இதே கதைதான். 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா திறந்தார்கள். இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போனார்கள். 2025 ஜூலையில் புதிதாக ஆள் எடுப்பதை மூடினார்கள். விசா நிறுவனத்தின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் கெடுவுக்குள் புதிய நிறுவனம் தேட வேண்டும், இல்லையேல் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அப்படிப்பட்ட பெண்ணிடம் ஆய்வாளர் வந்து “ஏதாவது குறை உண்டா?” என்று கேட்டால், என் சித்தி என்ன சொல்லியிருப்பாரோ அதைத்தான் அவரும் சொல்வார்.

2024-இல் அந்த ஆணையத்தைப் பற்றியே ஒரு விசாரணை நடந்தது. ஆணையத்தின் கீழ் வரும் இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு மதிப்பீடே தரப்படவில்லை என்று தெரிந்தது. மறதி நோய் உள்ள ஒருவரைக்கூடச் சந்திக்காத ஆய்வாளர், முதியோர் இல்லங்களை ஆய்வு செய்த கதையும் வெளிவந்தது. ஆணையம் அதன் வேலைக்குத் தகுதியாக இல்லை என்று சுகாதார அமைச்சரே சொன்னார். நாடே கொதித்தது, சரிதான். ஆனால் நான் கேட்கிறேன்: மறதி நோய் தெரியாதவர் முதியோர் இல்லத்தை ஆய்வு செய்வது அதிர்ச்சி என்றால், சாதி என்றால் என்னவென்று தெரியாதவர் தெற்காசியக் குடும்பங்களின் பராமரிப்பை ஆய்வு செய்து ‘நன்று’ போடுவது ஏன் யாருக்கும் அதிர்ச்சியாக இல்லை?

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: “சாதியைப் பற்றிக் கேட்டால் சாதி வளரும்.” சித்தியின் ஏஜென்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் முதல் நாளே கேட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர்கள் கேட்டுவிட்டார்கள். பெயரில், ஊரில், தெருவில், கும்பிடும் சாமியில் தேடிக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஒதுக்குவதற்காகக் கேட்கும்போது வளராத சாதி, தடுப்பதற்காகக் கேட்கும்போது மட்டும் எப்படி வளரும்? ஆய்வாளர் “உன் சாதி என்ன?” என்று கேட்கத் தேவையே இல்லை. “உன்னிடம் சாதி கேட்டார்களா? தனி டம்ளர் வைத்தார்களா?” என்று கேட்டால் போதும்.

இரண்டாவது சாக்கு: “வீடு தனிப்பட்ட இடம். அதற்குள் ஆய்வு நுழையக்கூடாது.” சம்பளத்துக்கு ஒரு பெண் 12 மணி நேரம் வேலை செய்யும் இடம் அவளுக்கு வேலையிடம். 2013-ஆம் ஆண்டு பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. பாலியல் கொடுமைக்குத் திறந்த கதவு தீண்டாமைக்கு மட்டும் ஏன் மூட வேண்டும்?

மூன்றாவது சாக்கு நம் ஆட்களிடமிருந்தே வருகிறது: “அரசியல் சட்டம் 17-ஆவது பிரிவு இருக்கிறது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 இருக்கிறது. புகார் கொடுக்கட்டும்.” அந்தச் சட்டங்கள் நம் உயிர். ஆனால் புகார் கொடுத்த மறுநாள் சித்திக்கு டியூட்டி யார் தருவார்கள்? தனியாக ஒரு பெண், பூட்டிய வீடு, சாட்சி கிடையாது. அவர் புகார் கொடுக்கும் வரை காத்திருக்கும் சட்டமும் வேண்டும், அவரைத் தேடிப் போய்க் கேட்கும் ஆய்வும் வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

தமிழ்நாட்டில் இது தொலைதூரப் பேச்சு இல்லை. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில். பெற்றோர் தனியாக. ஏஜென்சிகள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. அரசும் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் நோய் ஆதரவு சேவையும் கொண்டுவருகிறது. நல்ல திட்டம். பயனாளிகள் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்கிறார்கள். நாம் கேட்க வேண்டிய எண் வேறு: ஊருக்கு எத்தனை தடவை, காலனிக்கு எத்தனை தடவை? படுக்கையில் கிடப்பவரைத் தொட்டுப் பார்த்தார்களா, வாசலில் நின்று மாத்திரை கொடுத்தார்களா? அந்த வேலையைச் செய்யும் தன்னார்வலர் நம் பெண்ணாக இருந்தால், ஊர்த் தெருவில் எந்தத் திண்ணை வரை விட்டார்கள்?

இன்றைக்கோ நாளைக்கோ இங்கேயும் வீட்டுப் பராமரிப்புக்குச் சட்டம் வரும், ஆய்வுப் படிவம் வரும். படிவம் அச்சான பிறகு சாதியைச் சேர்க்கப் போராடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. ஆகவே இப்போதே கேட்போம்.

ஒன்று, உடம்பைத் தொடும் வேலைக்கு ஆள் அனுப்பும் எந்த நிறுவனமும் பதிவு இல்லாமல் இயங்கக்கூடாது. இரண்டு, பாகுபாடு பற்றிய விதியில் சாதி என்ற சொல் வெளிப்படையாக இருக்க வேண்டும். மூன்று, ஆய்வாளர் பணியாளரை அந்த வீட்டுக்கும் ஏஜென்சிக்கும் வெளியே, தனியாகச் சந்திக்க வேண்டும். தண்ணீர், டம்ளர், சாப்பாடு, உட்காரும் இடம், கழிப்பறை என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். நான்கு, பராமரிப்பு பெறுபவர் ‘மறுத்தார்’ என்று எழுதிய பதிவுகளை எடுத்து, யார் போன நாளில் மறுப்பு, யார் போன நாளில் இல்லை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஐந்து, ஆய்வுக் குழுவில் தலித் பெண்கள் இருக்க வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. ஆறு, அறிக்கை தமிழில், எல்லோரும் படிக்கும்படி வெளிவர வேண்டும்.

செவிலியர் படிப்பில், சமூகப்பணிப் படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகளே, களப்பணிக்குப் போகும்போது இந்தக் கேள்விகளை எடுத்துப் போங்கள். உங்கள் மாவட்டத்தில் வீட்டுவழி மருத்துவ சேவையை யார், எந்தப் படிவத்தில் ஆய்வு செய்கிறார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். படிவத்தின் நகலையே கேளுங்கள். இங்கிலாந்தில் படிக்கும், வேலை செய்யும் தோழர்கள், சி.க்யூ.சி.யிடம் யார் வேண்டுமானாலும் தங்கள் அனுபவத்தைத் தெரிவிக்கலாம் என்பதை மறக்காதீர்கள். அது தனிப் புகார்களைத் தீர்த்து வைக்காது. அதற்கு உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்புக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். இரண்டு இடத்திலும் சாதி என்ற சொல்லை அப்படியே எழுதுங்கள். ‘பண்பாட்டுச் சிக்கல்’ என்று நாகரிகமாக எழுதி அவர்களுக்கு வழி விடாதீர்கள்.

சித்தி இப்போது வேலைக்குப் போவதில்லை. முதுகு போய்விட்டது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது பேச்சுவாக்கில் கேட்டார்: “ஏம்ப்பா, எனக்கு முடியாமப் போனா என்னைத் தூக்க யார் வருவா? வர்றவ என்ன ஆளுங்கன்னு நான் கேக்க மாட்டேன். அவ கேக்காம இருப்பாளா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் போய்க் கேட்கும் ஆய்வாளர் ஒருவரை உருவாக்கும் வரை நமக்கு ஓய்வில்லை.

ஜெய் பீம்.